2,500 ரிங்கிட்டுக்குள் கணினியும், கடைசி அறை வரை வைஃபையும்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை ஒட்டிய தாமானில் ஒற்றை மாடி வீடு எங்களுடையது. மகன் ஆறாம் படிவம் போகிறான், மகள் டிப்ளோமாவில் புரோகிராமிங் படிக்கிறாள். நான் நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். கடையில் ஒரு ‘கேமிங் செட்’, திரை சேர்த்து 2,399 ரிங்கிட் என்கிறார்கள். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. மோடம் முன்ஹாலில். கணினி வைக்கப்போகும் கடைசி அறைக்கு வைஃபை எட்டுவதே இல்லை. 2,500க்கு மேல் கையில் இல்லை. கணினி வாங்கவா, வைஃபையை அறைக்கு அறை பரப்பும் மெஷ் பெட்டிகள் வாங்கவா?

பதில்: அந்த கேமிங் செட்டும் வேண்டாம், மெஷ்ஷும் வேண்டாம். அலுவலகங்களிலிருந்து கழித்து, சுத்தம் செய்து விற்கப்படும் நல்ல கணினி ஒன்று, முன்ஹாலிலிருந்து கடைசி அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி. உங்கள் பணம் போகவேண்டியது இந்த மூன்றுக்கும்தான்.

கேமிங் செட்டை ஏன் தள்ளுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் ஒளிரும் விசிறியும் கண்ணாடிப் பெட்டியும் கொடுத்த பிறகு, உள்ளே எங்கோ கையைக் கடித்துத்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் கடிபடுவது பவர் சப்ளை. அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய கார்டுகள், சில சமயம் கிரிப்டோ நாணயம் தோண்ட இரவு பகலாக ஓடியவை, இப்படிப்பட்ட செட்டுகளுக்குள் வந்து உட்காரும். புராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு போன அன்று திரையே வராது. கணக்கு எழுதவும் பைதான், ஜாவா படிக்கவும் தனி கார்டு தேவையில்லை. மகளுடைய பாடத்தில் 3டி வரைகலையோ கேம் உருவாக்கமோ இருந்தால் மட்டும் இந்தப் பேச்சு மாறும். வாங்குவதற்கு முன் அவளிடம் பாடப்பட்டியலைக் கேட்டுவிடுங்கள்.

இனி, கழித்த கணினி எதை வாங்குவது? இங்கே ஒரே ஓர் எல்லைக்கோடுதான் முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்கும் இன்டெல் புராசஸர்கள், மிகச் சில விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆகவே ‘ஐ7 மெஷின், மலிவு’ என்று யாராவது சொன்னால், எந்த ஐ7 என்று கேளுங்கள். ஐ7-3770 என்பது 2012ஆம் ஆண்டுச் சரக்கு. 2018இல் வந்த ஐ5-8500 ஆறு கோர் கொண்டது, அதைவிட எவ்வளவோ மேல். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கர் எதையும் நிரூபிக்காது.

மாடல் பெயரில் எளிதாகப் பிடித்துவிடலாம். டெல் ஆப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 ஆகியவை 8ஆம் தலைமுறை. 3050, 5050, 7050 அதற்கு முந்தியவை, பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஹெச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, புரோடெஸ்க் 600 ஜி4 சரி, ஜி3 வேண்டாம். லெனோவோ திங்க்சென்டரில் எம்720, எம்920 சரி, எம்710, எம்910 வேண்டாம். ஓர் எண் தவறினால் விண்டோஸ் 11ஐக் குறுக்குவழியில் ஏற்றிக் கொடுப்பார்கள். சில மாதம் ஓடும், பிறகு ஒரு பெரிய அப்டேட்டில் மக்கர் செய்யும்.

உருவத்தில் மூன்று வகை உண்டு: முழு டவர், ஒல்லியான எஸ்எஃப்எஃப், புத்தகம் அளவுள்ள மைக்ரோ. உங்களுக்கு எஸ்எஃப்எஃப் போதும், இடம் இருந்தால் டவர். எஸ்எஃப்எஃப்பில் பின்னால் கார்டு போடவேண்டி வந்தால் குட்டையான வகை மட்டுமே நுழையும், பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். மைக்ரோவில் காற்றோட்டம் குறைவு. தகரக் கூரை காயும் அறையில் மத்தியானம் அதன் விசிறி கத்தும்.

நினைவகம் 16 ஜிபி. அது 8 ஜிபி வீதம் இரண்டாக இருக்கட்டும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இதே நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது, இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியாக ஓடும். 2025 இறுதியிலிருந்து நினைவக விலை கன்னாபின்னாவென்று ஏறியிருப்பதால், ‘8 ஜிபியோடு வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கு இப்போது எடுபடாது. வாங்கும்போதே 16 கேளுங்கள். புதிதாக அசெம்பிள் செய்யும் யோசனையை நான் சொல்லாததற்கும் இதுவே காரணம். சேமிப்புக்கு 512 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத வேகமான வகை.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் 15 நிமிடம் கேட்டு உட்காருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் புராசஸரின் முழுப் பெயரும், எத்தனை நினைவகக் குழியில் குச்சி இருக்கிறது என்பதும் தெரியும். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ என்று தேடி விண்டோஸ் உரிமம் செயலில் இருக்கிறதா பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் சதவீதத்தில் வரும், 90க்குக் கீழே என்றால் வேறு மாட்டித் தரச் சொல்லுங்கள். கணினியை மறுபடி தொடங்கி எஃப்2 (டெல்), எஃப்10 (ஹெச்பி) அல்லது எஃப்1 (லெனோவோ) அழுத்தி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போக முடிகிறதா என்றும் பாருங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்ட் அதில் பூட்டியபடியே இருந்தால் பின்னால் அதைத் திறக்க முடியாமல் திண்டாடுவீர்கள். யுஎஸ்பி துளை ஒவ்வொன்றிலும் மௌஸைச் செருகிப் பார்ப்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் அதில்தான் அதிகம் மாட்டும். ரசீதில் மாடலும் உத்தரவாத மாதமும் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுப்போடலாம், அங்கே கையில் இருக்கவேண்டியது இந்த ரசீதுதான்.

திரைக்கு 24 அங்குல, 1080பி, ஐபிஎஸ் வகை போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலுவலகக் கணினிகளில் திரை மாட்டும் துளை பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் வகையாக இருக்கும், மலிவுத் திரைகளில் ஹெச்டிஎம்ஐ. ‘டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு’ என்று திசை சொல்லி கேபிள் வாங்குங்கள். எதிர்த்திசைக் கேபிளும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் திரை இருட்டாகவே கிடக்கும். இந்தக் கணினிகளில் கேமரா, மைக், பல சமயம் வைஃபை கூட இருக்காது. இணைய வகுப்புக்கு மைக் உள்ள ஒரு வெப்கேம் வேண்டும். வைஃபை இல்லாதது உங்களுக்குக் குறையே அல்ல.

ஏனென்றால் கேபிள் வரப்போகிறது. அதற்கு முன் ஒரு சோதனை: மடிக்கணினி இருந்தால், முன்ஹாலில் மோடத்தோடு இருந்து வைஃபை கொடுக்கும் ரவுட்டரில் கேபிளால் மாட்டி வேகத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கைப்பேசியோடு ரவுட்டர் பக்கத்திலேயே நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாருங்கள். அங்கே 90க்கு மேல் வந்து, கடைசி அறையில் 5, 8 என்று வந்தால் குற்றம் சுவர்மேல். ரவுட்டர் பக்கத்திலேயே 8 என்றால் இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் செய்யுங்கள், எத்தனை ஆயிரத்துக்கு மெஷ் வாங்கினாலும் அது தீராது.

நம்மூர் வரிசை வீடு நீளவாக்கில் போவது. முன்ஹாலிலிருந்து கடைசி அறைக்குள் இரண்டு மூன்று செங்கல் சுவர் குறுக்கே நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டாவது சுவரிலேயே மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலையில் நெரிசலாக நிற்கின்றன. அதோடு நம் வீடுகளில் ரவுட்டர் டிவி அலமாரியின் அடித்தட்டில், டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நடுவில் ஃபிரிட்ஜ், இரும்பு அலமாரி, மீன் தொட்டி இருந்தால் இன்னும் மோசம். இன்றே காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ரவுட்டரை அலமாரி உச்சிக்கு ஏற்றுங்கள், 2.4இன் சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றுங்கள். கொஞ்சம் தேறும். கடைசி அறைக்கு அதுவும் போதாது.

வைஃபை எக்ஸ்டெண்டர் என்று சுவர் சாக்கெட்டில் மாட்டும் பெட்டியை வாங்க நினைப்பீர்கள். மலிவு வகைகள் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகும். அலை வராத அறையில் மாட்டினால் இல்லாததைத்தான் நீட்டும். மெஷ் அதைவிட நல்லது என்றாலும், இரண்டு பெட்டிக்கும் நடுவில் அதே சுவர்கள்தானே இருக்கின்றன!

ஆகவே கேபிள்தான். வாங்கவேண்டியது கேட் 6 வகை, முழுச் செம்பு. கடையில் மலிவாகக் கிடைப்பது பல சமயம் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். நேர்க்கோட்டில் 12 மீட்டர் என்றாலும், கதவு நிலைகளைச் சுற்றி ஏறி இறங்க 20 ஆகும். 25 வாங்குங்கள், மீதத்தைச் சுருட்டி வைக்கலாம். சுவரோரம் ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் ஓட்டினால் வீடு அலங்கோலமாகாது. மின்கம்பிக்கு இணையாக ஓட்டுவதானால் ஓரடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்கவேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். தலை (பிளக்) மாட்டிய கேபிளுக்குச் சுவரில் 15 மில்லிமீட்டர் துளை வேண்டும், தலையில்லாத கேபிளுக்கு 8 போதும்.

தலையை நீங்களே மாட்டுவதானால் உள்ளே இருக்கும் கம்பிகளின் நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டுக் கம்பியும் சேர்ந்தால் 1 ஜிகாபிட். கணினி ‘100’ என்று காட்டினால், கணினியிலும் ரவுட்டரிலும் ஜிகாபிட் துளை இருக்கும் பட்சத்தில், ஏதோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை.

கடைசி அறையில் கைப்பேசிக்கும் வைஃபை வேண்டுமென்றால், மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய ரவுட்டரை எழுப்புங்கள். ரீசெட் துளையில் குண்டூசியால் 10 நொடி அழுத்துங்கள். கணினியை அதில் மாட்டி, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன்ஹால் ரவுட்டரில் உள்ளபடியே கொடுங்கள், சேனல் மட்டும் வேறு. பிறகு அதன் முகவரியை மாற்றவேண்டும். முன்ஹால் ரவுட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2 கொடுக்கலாம், அந்த எண் பெரிய ரவுட்டர் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்கவேண்டும். புதிய முகவரியில் மறுபடி நுழைந்து, கடைசியாக, மாட்டும் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியை அணையுங்கள். அதை முதலில் அணைத்துவிட்டால் கணினிக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே நிற்பீர்கள். முன்ஹாலிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ துளையில் மாட்டாதீர்கள், ‘லான்’ துளை ஒன்றில் மாட்டுங்கள். ‘வான்’ துளையில் மாட்டினாலும் இணையம் வரும், ஆனால் வீட்டுக்குள் இரண்டு வீடாகிவிடும். அந்தப் பக்கத்துப் பிரிண்டர் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. கணினியைப் பழைய ரவுட்டரின் இன்னொரு லான் துளையில் மாட்டிக்கொள்ளலாம்.

பணத்தைப் பங்கு போட்டால்: கணினிக்கு 1,100, திரைக்கு 400, யுபிஎஸ்ஸுக்கு 250, வெப்கேம், கீபோர்ட், மௌஸுக்கு 160, கேபிள், கேசிங், ஆணிக்கு 90, காப்புப்பிரதி எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க் 250. மொத்தம் 2,250. மீதி 250ஐத் தொடாதீர்கள், ஏதோ ஒன்று கூடுதலாகும். ஹார்ட் டிஸ்க்கை ஆடம்பரமாக நினைக்கவேண்டாம், அதில் இருக்கப்போவது ஊரார் கணக்கு. வாரம் ஒருமுறை நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸோ இடியோ கணினி, டிஸ்க் இரண்டையும் சேர்த்து அடிக்கும். தமிழ் தட்டச்சுக்குக் காசு வேண்டாம். விண்டோஸ் 11இன் மொழி அமைப்பில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன.

யுபிஎஸ் 650 விஏ, மின்னழுத்தத்தைச் சீராக்கும் லைன் இன்டராக்டிவ் வகை. கணினி, திரை, மோடம், ரவுட்டர் நான்கையும் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், கணக்கைச் சேமித்து மூட அது போதும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், சூடாகும் நொடியில் யுபிஎஸ் படுத்துவிடும். உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் மாற்றவேண்டியது.

இடி விழும் சாயங்காலங்களில் யுபிஎஸ்ஸை நம்பி இருக்கவேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் வராது. வருவது மின்கம்பி வழியாக. முன்ஹால் மோடத்தில் ஏறியது உங்கள் புதுச் செம்புக் கேபிளில் நடந்து கணினிக்கும் போகும், ஆகவே நெட்வொர்க் கேபிளையும் கழற்றவேண்டும். பின்வீட்டு உறவுக்காரர்களுக்கு இதே கேபிளை வெளியே இழுத்துக் கொடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு ஓடுவது மின்னலுக்குப் பாலம் போடுவதுபோல்தான்.

கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் சுருக்கென்று மெல்லக் கடித்தால், சாக்கெட்டில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள். பழைய வீடுகளில் இது சகஜம். எர்த் இல்லாமல், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் பெயருக்குத்தான். உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டையாவது சோதிக்கச் சொல்லுங்கள், அந்த 250 இதற்கும் உதவும்.

இப்படிப் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கும் வீட்டில் பழைய கணினி ஒருநாள் தேதி தவறிக் காட்டும், வங்கிப் பக்கமும் வரித்துறையின் மின்விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மிரட்டும். இணையத்தில் கோளாறு இல்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. வாங்கும்போதே கடைக்காரரைப் புதிதாக ஒன்று போட்டுத் தரச் சொல்லிவிடுங்கள்.