ஐ.சி.யூ. வாசலில் கேட்கப்படும் கேள்விகள்: உறுப்பு தானம் பற்றி ஓர் ஒருங்கிணைப்பாளரின் பதில்கள்

மூளைச்சாவு அடைந்தவரின் வீட்டாரிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. நீங்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (நாமக்கல்): இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அவரைப் போய் இறந்துவிட்டார் என்கிறீர்களே? கோமாவிலிருந்து எழுந்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். கோமாவில் மூளைத்தண்டு, அதாவது மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதி, உயிரோடு இருக்கிறது. மூளைச்சாவில் அதுவும் போய்விட்டது, திரும்பாது. இதயத்தைத் துடிக்க வைக்கும் ஏற்பாடு இதயத்துக்குள்ளேயே இருப்பதால், வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்வரை கொஞ்ச காலம் அது ஓடும்.

இதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் யாரும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் குழுவில் இருக்கக் கூடாது. சோதனையை 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். குடும்பத்தார் கேட்டால் பக்கத்தில் நின்று பார்க்க விட வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் ஆயிரம் விளக்கம் சொன்னாலும், மார்பு அசையாமல் கிடப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

கேள்வி (ஈரோடு): ஆதார் எண் கொடுத்து இணையத்தில் பதிவு செய்து, அட்டையும் வாங்கிவிட்டேன். போதும்தானே?

போதாது. கடைசியில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் வீட்டார். அந்த நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? இரவு இரண்டு மணிக்கு, முந்தாநாள் வரை நன்றாக இருந்த மனிதரைப் பற்றி உங்கள் மனைவியிடம் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். ஊரிலிருந்து பெரியப்பா, மச்சான், மாமா எல்லாரும் வந்திருப்பார்கள். ஆளுக்கொரு கருத்து. “உடம்பைக் கிழிக்க விடாதே” என்று ஒருவர் சொன்னால் போதும், அதை மீறிச் சரி என்று சொல்ல உங்கள் மனைவிக்குத் தெம்பு இருக்காது. அவர் மறுத்தால் அதோடு முடிந்தது. யாரும் வற்புறுத்தக் கூடாது, நானும் மாட்டேன்.

“சாப்பிடும்போது ஒருநாள் சொன்னாருங்க, தனக்கு ஏதாவது ஆனா கொடுத்துடணும்னு” என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சின் போக்கே மாறிவிடும். அதன்பிறகு அது வீட்டார் எடுக்கும் முடிவாக இல்லாமல் அவருடைய ஆசையாகிவிடுகிறது. பெரியப்பாக்களும் அடங்கிவிடுவார்கள். அட்டை பர்ஸில் கிடக்கட்டும், முதலில் வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): ஹிதேந்திரன் விஷயத்தை இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அப்பா அம்மா இருவருமே டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் துக்கம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் தானமாகக் கொடுத்த அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி முகப்பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதுவரை உறுப்பு தானம் என்றால் நம் ஊரில் பலருக்கும் கிட்னி வியாபாரம்தான் நினைவுக்கு வரும். அந்த ஒரு வாரத்தில் டீக்கடையில்கூட மூளைச்சாவு பற்றிப் பேசினார்கள்.

கேள்வி (மதுரை): எல்லாம் பணக்காரர்களுக்குத்தான் போகிறது என்கிறார்களே?

சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஏழைகள் பலர் கிட்னியை விற்றதால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் வந்த காலம் ஒன்று உண்டு. அந்த மாதிரி வியாபாரத்தைத் தடுக்கத்தான் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. இன்று உறுப்பை விற்றாலும் வாங்கினாலும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையம், காத்திருப்போர் பட்டியல், ரத்த வகை எல்லாம் பார்த்து ஒதுக்குகிறது. யாருக்கு என்று முடிவு செய்வது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலும் மாற்று அறுவை நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஏழைக் குடும்பங்கள் திணறுவது அங்கேதான்.

கேள்வி (கரூர்): அப்பாவுக்குக் கிட்னி பழுது. அம்மா தருகிறேன் என்கிறார். விடலாமா?

டாக்டர்கள் முழுச் சோதனை செய்து சரி என்றால் தரலாம், ஒரு கிட்னியோடு நன்றாக வாழ முடியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டில் அண்ணன் தம்பி யாராவது சோதனைக்கு வந்தார்களா? நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, “உனக்கு உண்மையிலேயே சம்மதமா?” என்று கேளுங்கள்.

கேள்வி (சேலம்): விபத்து வழக்கு, போலீஸ் இருக்கிறது. முடியுமா? பில்?

முடியும். போலீஸுக்குத் தெரிவித்து, போஸ்ட்மார்ட்டத்துக்கு இடையூறு வராதபடி செய்வார்கள். சம்மதம் கொடுத்த பிறகு உடலைப் பராமரிக்கவும் உறுப்பை எடுக்கவும் ஆகும் செலவு உங்களுடையது அல்ல. அதற்கு முந்தைய சிகிச்சை பில் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 23-இல் வந்த அறிவிப்பின்படி, உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): பாட்டி வீட்டில்தான் காலமாவார் போலிருக்கிறது. கண் தானம் செய்தால் அடுத்த பிறவியில் பார்வை இருக்காது என்று அத்தை பயப்படுகிறார்.

கண்ணப்பர் கதையை அத்தைக்கு நினைவுபடுத்துங்கள். (அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார், இன்றைய சட்டம் அதற்கு விடாது.) கண் தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டில் இறந்தவரும் தரலாம். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் எல்லாரும் தரலாம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் பக்கத்து கண் வங்கியின் எண்ணை இப்போதே குறித்து வையுங்கள். அழைத்துவிட்டு இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்கு உயரமாகத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். அவர்கள் வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள், முகம் மாறாது. டாக்டர் தரும் இறப்புச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள்.