படத்துல மயில், புடவையில அன்னம்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 46 வயசு, கொளத்தூர்ல இருக்கேன். 5 வருஷமா வீட்டுலருந்தே சாஃப்ட் சில்க், காட்டன் புடவை எல்லாம் ஆன்லைன்ல விக்கிறேன். கோடவுன் தெருவுல சரக்கு எடுப்பேன், முன்னாடி எல்லாம் நானே கதவுல தொங்கவிட்டு போன்ல போட்டோ எடுத்துப் போடுவேன். இப்ப காலேஜ் படிக்கிற என் பையன், மடிச்ச புடவைய ஒரு போட்டோ எடுத்து ஏஐ-ல போட்டா ஒரு பொண்ணு கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி படம் வருது, இனிமே இதான்னு சொல்லிட்டான். ஆர்டர் நிஜமாவே எகிறிடுச்சு. ஆனா போன லாட்ல 40 புடவை போனதுல 11 திரும்பி வந்துடுச்சு. கோயம்புத்தூர்லருந்து ஒரு அம்மா, "படத்துல பார்டர்ல மயில் இருக்கு, வந்த புடவையில அன்னம் இருக்கு, பணத்தக் குடு"ன்னு வாய்ஸ் மெசேஜ்ல திட்டுறாங்க. பையன் என்னடான்னா "எல்லாரும் இப்படித்தான்மா பண்றாங்க, கீழ 'படம் மாதிரிக்கு மட்டும்'னு போட்டுட்டா ஒண்ணும் ஆகாது"ங்கிறான். நான் பண்றது ஏமாத்து வேலையா அக்கா? பழையபடி கதவுல தொங்கவிட்டா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க.

பதில்:

வணக்கம்மா. முதல்ல அந்த கோயம்புத்தூர் அம்மாவுக்குப் பணத்த அனுப்பிட்டு வாங்க, மீதிய அப்புறம் படிக்கலாம். போற கொரியர், வர்ற கொரியர் ரெண்டு செலவும் உங்களோடது. அவங்க மருதமலைக்குக் கட்டிட்டுப் போகணும்னே மயில் பார்டரா தேடிப் பிடிச்சு வாங்கியிருப்பாங்களோ என்னமோ, கையில அன்னம் வந்தா கோவம் வராதா?

ஏமாத்து வேலையான்னு நேரா கேட்டிருக்கீங்க. நீங்க வேணும்னு ஏமாத்தல. ஆனா வாங்கினவங்க ஏமாந்துட்டாங்க, அவங்க பக்கத்துலருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்.

கம்ப்யூட்டர்ல செஞ்ச படத்தையே போடக்கூடாதுன்னு நான் சொல்ல வரல, ஏன்னா அது இன்னிக்கு நேத்து வந்த விஷயமில்ல. ஐக்கியான்னு மேசை நாற்காலி விக்கிற பெரிய கம்பெனி இருக்கே, அவங்க 2006லயே பெர்டில்னு ஒரு நாற்காலிய போட்டோவே எடுக்காம முழுசா கம்ப்யூட்டர்லயே செஞ்சு படம் போட்டாங்க, 2014 வாக்குல அவங்க பொருள் படங்கள்ல முக்கால்வாசி அப்படி செஞ்சதுதான். ஒரு சோபாவும் விளக்கும் போட்ட அறையப் பாத்து நாம வாயப் பொளந்திருப்போம், அப்படி ஒரு அறையே உலகத்துல இருந்திருக்காது. ஆனா அதுல வர்ற நாற்காலிக்கு அளவு இருக்கு, கால் எத்தன சென்டிமீட்டர், சாயுற பலகை எவ்ளோ சரிவுன்னு ஃபேக்டரியில இருக்கிற அதே அளவ வெச்சு கட்டுறாங்க, மரத்தோட ரேகை கூட நிஜ மரத்தப் பாத்து எடுத்தது. அறை பொய்யா இருந்தாலும் நாற்காலி நிஜம்.

உங்க பையன் பண்றது வேற. அவன் மடிச்ச புடவைய ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கிறான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, கோளாறு அங்கேயே இருக்கு. அஞ்சரை மீட்டர் புடவை, மடிச்சு வெச்சா வெளிய தெரியறது ஒரு சாண், ரெண்டு சாண். முந்தி உள்ள இருக்கு, கீழ் பார்டர் உள்ள இருக்கு, புட்டா எவ்ளோ தூரத்துக்கு ஒண்ணுன்னு தெரியாது. ஆனா ஏஐ-கிட்ட கேட்டா தெரியலன்னு சொல்லாது, முந்தி முழுக்க அதுவே நெய்து குடுத்துடும், நல்லாவும் நெய்துடும். அந்தப் படத்துல இருக்கிற முந்தி எந்தத் தறியிலயும் இறங்கினது இல்ல.

சரி, முழுப் புடவையையும் விரிச்சுக் காட்டி எடுத்துக் குடுத்தா சரியாயிடுமான்னு தம்பி கேப்பான். ஓரளவுக்கு. இந்த மாதிரி மெஷின்கள் பெரும்பாலும் நீங்க குடுக்கிற படத்த அப்படியே வெச்சுக்கிறதில்ல, சுருக்கி ஒரு சாரம் மாதிரி எடுத்துக்கிட்டு அதுலருந்து மறுபடி முதல்லருந்து வரையுது. நீங்க ஊர்ல இருக்கிற சித்திக்கு போன் போட்டு "அரக்குக் கலர், பச்சை பார்டர், பார்டர்ல பறவை வரிசையா போகுது"ன்னு சொல்றீங்க, சித்தி அதக் கேட்டு ஒரு படம் வரையறாங்கன்னு வெச்சுக்கங்க. பறவைன்னதும் சித்திக்கு மயில்தான தோணும்? இதுவரைக்கும் பாத்த பட்டுப் பார்டர்ல எல்லாம் மயில அதிகமா பாத்திருந்தா மெஷினுக்கும் மயில்தான் வரும். சின்னச் சின்ன ஜரிகை வேலை எல்லாம் அந்த சுருக்கல்லயே போயிடுது, திரும்ப வர்றது அதோட யூகம். கோபுர பார்டர் இருக்கிற புடவை ஒண்ண குடுத்துப் பாருங்க, இடுப்புகிட்ட இருக்கிற கோபுரமும் கால்கிட்ட இருக்கிற கோபுரமும் வேற வேற உயரத்துல இருக்கும், கொசுவத்துக்குள்ள போயிட்டு வெளிய வர்றப்ப கட்டமே மாறியிருக்கும். தறியில அப்படி வராதுன்னு உங்களுக்குத் தெரியும், போன்ல ஸ்க்ரோல் பண்றவங்களுக்குத் தெரியாது.

கலர் இன்னொரு தொல்லை. உங்க லெட்டர் வந்ததுக்கப்புறம் நானே ஒரு நாள் உக்காந்து எம்.எஸ். ப்ளூ புடவை ஒண்ணு போடுன்னு டைப் பண்ணிப் பாத்தேன், அது ஸ்கூல் யூனிஃபார்ம் நீலத்துல ஒண்ணக் குடுத்துச்சு. எம்.எஸ். அம்மா கட்டின நீலம்னா நம்ம ஊர்ல புடவைக் கடையில நிக்கிற பையன் கூட கண்ண மூடிக்கிட்டு எடுத்துப் போடுவான். உங்க சாஃப்ட் சில்க்ல பாதி டபுள் ஷேடா இருக்கும், பாவு, அதாவது நீளவாக்கு நூல் ஒரு கலர், ஊடை, அதாவது குறுக்கு நூல் ஒரு கலர்னு. மயில் கழுத்துக் கலர எடுத்துக்கங்க, இப்படித் திருப்பினா பச்சை அப்படித் திருப்பினா நீலம். அதுல ஏதோ ஒண்ணத்தான் மெஷின் புடிச்சுக்கும், பச்சைன்னு நெனச்சு வாங்கினவங்களுக்கு நீலமா தெரியும், திருப்பி அனுப்புவாங்க. உங்க 11 ரிட்டர்ன்ல எத்தன டபுள் ஷேடுன்னு எண்ணிப் பாருங்க, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் எரிச்சலோடதான் சொல்றேன். அந்தப் படத்துல நிக்கிற பொண்ணு என்ன நிறம்மா? நான் பாத்த வரைக்கும் நாமளா சொல்லலன்னா எல்லாம் ஒரே வெளுப்பு, ஒரே மூக்கு, அக்கா தங்கச்சிங்க மாதிரி. உங்ககிட்ட வாங்குறவங்க முதல்ல என்ன கேப்பாங்க, "என் நிறத்துக்கு இது எடுக்குமா"ன்னுதான? கடுகு மஞ்சள் வெளுப்புத் தோல்ல ஒரு மாதிரி, நம்ம நிறத்துல ஒரு மாதிரி. இல்லாத பொண்ணு கட்டினத வெச்சு அவங்க என்னத்த முடிவு பண்ணுவாங்க? உங்க நாத்தனாரோ எதிர்வீட்டுப் பொண்ணோ கட்டி நின்னா போதும், மூஞ்சி வேணாம்னா கழுத்துக்குக் கீழ எடுங்க.

அளவு விஷயத்துல நானே மாட்டியிருக்கேன். ஒரு கார்த்திகைக்கு முன்னாடி ஆன்லைன்ல பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு பாத்தேன், பெரிய வாசல், மாக்கோலம், நடுவுல முழங்கால் உயரத்துக்கு விளக்கு நிக்குது. ஆசையா ஆர்டர் போட்டேன். வந்த டப்பாவ பாத்ததுமே வயித்தக் கலக்குச்சு, பிரிச்சா காபி டம்ளர் உயரத்துல ஒரு விளக்கு. கீழ பொடி எழுத்துல சென்டிமீட்டர் போட்டிருந்தாங்க, படிக்காதது என் தப்புதான், ஆனா அந்த வாசலும் கோலமும் விளக்கோட அளவுக்கு சம்பந்தமில்லாம மெஷின் போட்டது. உங்களுக்கும் இது வரும், 4 இஞ்ச் பார்டர் படத்துல 8 இஞ்சா நிக்கும்.

"படம் மாதிரிக்கு மட்டும்"னு போட்டா தப்பிச்சுக்கலாம்னு தம்பி நெனக்கிறான்ல, அவன இங்க உக்கார வெச்சு இந்தப் பத்தியப் படிக்கச் சொல்லுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2020ல இ-காமர்ஸ் விதிகள் வந்துச்சு. விளம்பரத்துல காட்டின தன்மை பொருள்ல இல்லன்னா விக்கிறவங்க திருப்பி வாங்க மாட்டேன்னோ பணம் தர மாட்டேன்னோ சொல்ல முடியாதுன்னு அதுல இருக்கு, விளம்பரம் பொருளோட ஒத்துப்போகணும்னும் இருக்கு. மயிலக் காட்டி அன்னத்தக் குடுத்துட்டு கீழ ஒரு வரி போட்டேன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. தப்பா வழிகாட்டுற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட அந்த சட்டத்துல இடமிருக்கு. உங்கள மாதிரி வீட்டுல விக்கிறவங்க மேல அவ்ளோ பெருசா பாயும்னு பயமுறுத்தல, ஆனா 1915க்கு ஒரு போன் போட்டா புகார் பதிவாயிடும், அந்த நம்பர் இப்ப நெறைய பேருக்குத் தெரியும். கூகுள்ல கடை லிஸ்டிங் போடுறதுக்குக் கூட, ஏஐ படம்னா அது ஏஐ படம்னு ஃபைலுக்குள்ள இருக்கிற குறிப்ப அழிக்காம விடணும்னு விதி வெச்சிருக்காங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுற பழக்கம் இருந்தா அந்தக் குறிப்பு போயிடும், அதயும் தம்பிகிட்ட சொல்லுங்க.

சரி, கதவுல தொங்கவிட்டா வாங்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னீங்க. வாஸ்தவம்தான், கதவுத் தாழ்ப்பாளும் பின்னாடி ஸ்விட்ச் போர்டும் தெரியற போட்டோவ நானும் தாண்டித்தான் போவேன். மொட்டை மாடிக்குப் போங்க, காலைல 7லருந்து எட்டரைக்குள்ள, அதுக்கு மேல நம்ம மெட்ராஸ் வெயில்ல எல்லாக் கலரும் வெளுத்துடும். தண்ணி டேங்க் நிழல்ல ரெண்டு வெள்ளை சார்ட் பேப்பர ஒட்டி வெச்சு அதுக்கு முன்னாடி புடவைய விரிங்க, வெளிச்சம் வர்றதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்ட சாச்சு வெச்சா நிழல் பக்கமும் தெளிஞ்சுடும். போன்ல புடவை மேல விரல அழுத்திப் புடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அப்புறம் எடுங்க. வீட்டுக்குள்ள ட்யூப்லைட், எல்இடி பல்பு ரெண்டும் எரியறப்ப மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, அரக்கு செங்கல் கலராயிடும். முந்தி முழுசா ஒரு படம், உடல் புட்டாவோட ஒரு படம், பார்டர்ல ஸ்கூல் ஸ்கேல வெச்சு கிட்டத்துல ஒரு படம், அப்புறம் புடவைய கையில எடுத்து ஆட்டி 10 செகண்ட் வீடியோ. டபுள் ஷேடுக்கு அந்த வீடியோ இல்லாம போடவே போடாதீங்க.

பையனோட வேலையும் வீணாக வேணாம். மாடியில எடுத்த போட்டோவுலருந்து பின்னாடி இருக்கிற டேங்க்கையும் கொடிக்கயிறையும் எடுத்துட்டு நல்ல சுவரோ திண்ணையோ வைக்கிறதுக்கு அதே கம்ப்யூட்டர் இருக்குல்ல, அத அவன் பண்ணட்டும், துணி மேல மட்டும் கை வைக்கக்கூடாது. அமேசான் மாதிரி இடத்துல போடுறதா இருந்தா முதல் படத்துக்கு வெறும் வெள்ளை பேக்ரவுண்ட் வேணும், ஃப்ரேம்ல 85 சதவீதம் பொருளே நிறைஞ்சு இருக்கணும், அத வெட்டிக் குடுக்கிறது அவனுக்கு அஞ்சு நிமிஷம். பொண்ணு கட்டின ஏஐ படம் இல்லாம ஆர்டர் விழுந்துடும்னு ரொம்ப பயந்தீங்கன்னா அதக் கடைசிப் படமா போடுங்க, படத்து மேலயே "இது கம்ப்யூட்டர் படம், நிஜப் புடவை முன்னாடி இருக்கிற படங்கள்ல"ன்னு நல்லா தெரியற எழுத்துல. நான் உங்க இடத்துல இருந்தா போட மாட்டேன்.

அவன்கிட்ட சண்டை போடாதீங்க, ஆர்டர் ஏத்திக் காட்டினது அவன்தான். நோட்டு எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்க: 11 புடவைக்கு போக வர கொரியர், பேக்கிங் கவர், பிரிச்சுக் கசங்கினதால குறைச்சு விக்க வேண்டிய விலை, திட்டு வாங்குற நேரத்துக்கு நீங்களே ஒரு ரேட் போட்டுக்கங்க. மீதி 29 புடவையோட லாபத்துலருந்து அதக் கழிச்சா என்ன மிஞ்சுதுன்னு அவன் வாயாலயே சொல்லட்டும்.

மொத்த வியாபாரி வாட்ஸ்அப்ல அனுப்புற படங்களையும் இனி அப்படியே தூக்கிப் போட்டுடாதீங்க, அதுலயும் இப்ப நெறைய மெஷின் படம் கலந்துதான் வருது. சரக்கு கைக்கு வந்து பிரிச்சுப் பாத்த அப்புறம்தான் லிஸ்டிங்.

திரும்பி வந்த 11-ஐயும் மடிப்பு மாத்தி மடிச்சு வெச்சுட்டு, பழைய லிஸ்டிங்க மொத்தமா எடுத்துடுங்க, படத்த மட்டும் மாத்தாதீங்க, பழைய கமெண்ட் எல்லாம் அங்கேயே நிக்கும். அன்னப் பார்டர அன்னம்னே பேர் போட்டு, ஸ்கேல் வெச்ச போட்டோவோட புதுசா போடுங்க. கோயம்புத்தூர் அம்மாவுக்குப் பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டோட ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்புங்க, பையன வெச்சு டைப் பண்ணாம உங்க குரல்லயே.