காரில் போகிறவர்கள் எப்படி நடப்பார்கள்?

கேள்வி: நீங்கள் சிபாரிசு செய்தீர்கள் என்று ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'டென்' படம் பார்த்தோம். ஒன்றரை மணி நேரமும் ஒரு பெண் டெஹ்ரானில் கார் ஓட்டுகிறார், பக்கத்து சீட்டில் ஏறுகிறவர்கள் பேசுகிறார்கள். படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றேன். "என்னைக்குத்தான் ஏதாவது நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவி எழுந்து போய்விட்டார். யார் சொல்வது சரி?
– பெயர் போட வேண்டாம் என்றவர், திருநெல்வேலி

பதில்: காரில் போகிறவர்கள் எப்படி ஐயா நடப்பார்கள்? நடைதான் வேண்டுமென்றால் நம் கதாநாயகர்களின் அறிமுகக் காட்சியைப் பாருங்கள். முதலில் ஷூ நடக்கும். பிறகு நிழல் நடக்கும். அப்புறம் முதுகு நடக்கும். முகம் வந்து சேர்வதற்குள் பாப்கார்ன் தீர்ந்துவிடும். 'ஏதோ நடக்கிறது' என்று நாமும் விசிலடிப்போம்.

என் பழைய ஃபிலிம் சொசைட்டி நண்பர் ஒருவர் உண்டு. ஈரான் படம் என்றால் ஒரு சிறுவன், தொலைந்துபோன ஒரு பொருள், ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான் என்று எழுதியவர். நான் மறுத்தேன். அவர் என் மறுப்பை மறுத்தார். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தால் "அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்பதோடு எங்கள் பேச்சு சரி. 'டென்' திரையிட்டபோது மூன்றாவது உரையாடலிலேயே குறட்டை விட்டார். அடுத்த மாதம் அவரிடமிருந்து 'மௌனத்தின் அழகியல்' என்று நான்கு பக்கக் கட்டுரை! படத்தில் மௌனமே கிடையாது. எல்லாரும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். மௌனமாக இருந்தது கட்டுரையாளர்தான், அதுவும் குறட்டை நேரம் போக.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் கார்? 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானியத் திரையில் பெண்ணின் தலைமுடி தெரியக் கூடாது. கதைப்படி அவள் தன் வீட்டுப் படுக்கையறையில் தூங்கினாலும் முக்காடு வேண்டும். தியேட்டரில் அந்நிய ஆண்கள் இருக்கிறார்களே! எந்த வீட்டில் முக்காட்டோடு தூங்குகிறார்கள்? தெருவில் ஓடும் காருக்குள் அந்தப் பொய் தேவைப்படவில்லை. படம் எடுத்த காலத்தில் அங்கே அவர்கள் நிஜமாகவே முக்காட்டோடுதான் இருந்தார்கள். (ஈரானில் பெண்கள் கார் ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி எழுதிவிடாதீர்கள். 2018 வரை தடை இருந்தது சவூதியில்.)

முடிவை நெருங்கும்போது, காரில் ஏறிய ஒரு பெண்ணின் முக்காடு விலகுகிறது. உள்ளே மொட்டை. கட்டிக்கொள்வான் என்று நம்பியவன் கைவிட்டதும் மழித்துக்கொண்டவள். மயிரை மறை என்கிற சட்டம், மயிரே இல்லாத தலையை என்ன செய்யும்? தணிக்கைக்காரர் விதிப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அதற்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்காது. அவளோ அழுகிறாள், சிரிக்கிறாள், தலை லேசாக இருக்கிறது என்கிற மாதிரி. இது நடப்பதில் சேர்த்தியா இல்லையா?

முதல் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. விவாகரத்துக்காக, கணவன் போதைக்கு அடிமை என்று கோர்ட்டில் சொன்னவர் கார் ஓட்டும் அந்த அம்மா. ஆண் கேட்டால் கிடைக்கிற விவாகரத்து பெண் கேட்டால் லேசில் கிடைக்காது, ஏதாவது காரணம் காட்டியாக வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்று மகன் கத்துகிறான். சின்னப் பையன்தான், ஆனால் தொண்டை முழுக்க அப்பா. அம்மாவாக வரும் மானியா அக்பரிக்கு அவன் நிஜ மகனே. கால் மணி நேரத்துக்குக் கேமரா பையன் முகத்தை விட்டு அசைவதில்லை. அம்மாவின் குரல்தான் கேட்கிறது, ஆள் எப்படி இருப்பார் என்றே நமக்குத் தெரியாது.

உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. மனைவி எழுந்து போனார் என்கிறீர்கள். அவர் அந்தப் படத்தில் எதைப் பார்த்தார் என்று ஒரு வரி இல்லை. அவரை எழுதச் சொல்லுங்கள். பெயர் போட்டே பிரசுரிக்கிறேன்.