கெர்னலுக்கு எம்பி3 தெரிய வேண்டாம்

கேள்வி: சொந்தமாக ஒரு சின்ன இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேவ் கோப்பு பாடுகிறது. அடுத்து எம்பி3, ஃபிளாக், ஓபஸ் போன்ற ஒலிக் கோப்பு வகைகள் எல்லாம் வேண்டும். இவற்றைக் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவிலேயே, சேர்க்கலாமா, இல்லை அந்தந்தச் செயலியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒலிச் சாதனத்துக்குப் போகும் சாம்பிள்கள் (ஒலி அலையின் அளவுகளைச் சொல்லும் எண்கள்) மட்டும் கெர்னலுக்குத் தெரிந்தால் போதும். டிகோடர் என்பது முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய கோப்பைப் பிரித்துப் படிக்கிற வேலை, அதில் ஒரே ஒரு நீளத்தைத் தப்பாகக் கணக்கிட்டாலும், அது கெர்னலுக்குள் இருந்தால், மொத்த மெஷினும் போச்சு. 2015-இல் ஆண்ட்ராய்டில் வெளிவந்த ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை கெர்னலில்கூட இல்லை. தேவைக்கு மேல் அனுமதிகளோடு ஓடிய மீடியா ப்ராசஸில் இருந்தது, அதற்கே அவ்வளவு பாடு. அடுத்த ஆண்டு 7.0-இல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தார்கள். நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள்.

சரி, செயலிகளிடம் விட்டால் என்ன? புது ஃபார்மட் வரும்போதெல்லாம் ஒவ்வொரு செயலியையும் திருத்த வேண்டியிருக்கும். 1992-இல் வந்த, அமிகா கணினியின் இயங்குதளமான அமிகா ஓஎஸ் 3.0-இன் டேட்டாடைப்ஸ் அமைப்பைப் படித்துப் பாருங்கள், எனக்கு இன்றும் மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஒரு ஃபார்மட்டுக்கான நூலகத்தை ஒருமுறை நிறுவினால் போதும், டேட்டாடைப்ஸைப் பயன்படுத்தும் பழைய நிரல்களும் அந்தக் கோப்பைத் திறக்கும்.

கோப்பின் பின்னொட்டை நம்பாதீர்கள், முதல் பைட்டுகளைப் பாருங்கள். ஃபிளாக் தன் பெயரை முதல் 4 பைட்டிலேயே எழுதி வைத்திருக்கும். ஆக் (Ogg) கோப்பு அப்படியில்லை, அது வெறும் பெட்டி. உள்ளே இருக்கும் ஒலி வார்பிஸ் வகையா ஓபஸ் வகையா என்று திறந்துதான் பார்க்க வேண்டும். எம்பி3தான் உண்மையில் படுத்தும்: நிலையான அடையாளமே கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமின், அதாவது ஒலித்துண்டின், தொடக்கத்தில் வரிசையாக 11 ஒன்று பிட்டுகள் வரும் இடத்தைத் தேட வேண்டும், அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதால் அடுத்த ஃபிரேமும் சரியான இடத்தில் தொடங்குகிறதா என்று சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

அப்புறம் மிக்ஸர், அதாவது பல ஒலிகளை ஒன்றாகக் கூட்டும் பகுதி. எல்லாவற்றையும் 32 பிட் ஃப்ளோட்டில் (மிதவைப்புள்ளி எண்ணாக) கூட்டுங்கள். 24 பிட் சாம்பிள் அதில் ஒரு பிட்டும் குறையாமல் உட்காரும். சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள் இருப்பதை 48,000-க்கு மாற்றுவது என்றால் 147 சாம்பிளுக்கு 160 சாம்பிள், இந்த மாற்றத்தை ஒரே இடத்தில், ஒரே ஒருமுறை மட்டும் செய்யுங்கள்.