20 கிலோ அரிசியும் வாங்கியே ஆகணுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் நாலு பேர். மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி. மாமியாருக்குச் சர்க்கரை, பிள்ளைகள் ராத்திரியில் சோறே தொடுவதில்லை. பாதிக்குமேல் மிஞ்சி வண்டு பிடிக்கிறது. வாங்காவிட்டால் கார்டு போய்விடும் என்கிறார்கள். வாசலுக்கே வந்து விலைக்குக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் கடைசிக் கேள்வி. விற்காதீர்கள். ரேஷன் அரிசியை வெளியில் விற்றால் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வரும். காட்பாடி வழியாக ஆந்திராவுக்குப் போகும்போது பிடிபடுகிற மூட்டைகளில் பல இப்படி வாசல் வாசலாகச் சேர்கிறவைதான்.

20 கிலோ என்பது உங்களுக்கு உள்ள உரிமை, கட்டாயம் இல்லை. 8 கிலோ போதுமென்றால் 8 கிலோவுக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள். சர்க்கரை, பருப்பு, பாமாயில் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், கார்டுக்கு ஒன்றும் ஆகாது. செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் வாங்கிய அளவுதான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடுதலாக இருந்தால் 1967 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். அரிசி வேண்டாமென்று சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள். பொங்கல் பரிசு போன்றவை அரிசி கார்டை வைத்துத்தான் வருகின்றன.

அரிசிக்குப் பதில் கோதுமையும் இலவசமாகவே கிடைக்கும், அந்த அளவு அரிசியில் கழியும். இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மாதத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

மிஞ்சுவது உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. நாடு முழுக்கக் கிராமத்து வீட்டுச் செலவில் தானியத்தின் பங்கு 2011-12இல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23இல் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. தட்டு மாறிவிட்டது, மூட்டை மாறவில்லை. கிணற்றுக்கு மோட்டார் வந்து, அதிகம் விளையும் குட்டை ரக நெல் வருவதற்கு முன் வட ஆற்காட்டு மேட்டு நிலத்து வீடுகளில் கூழும் களியும்தான் அன்றாடச் சாப்பாடு. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். ஆடிக்கு ஊரே கூழ் ஊற்றும் நம் பக்கத்துக்கும் அது வேண்டும். கிராம சபையில் எழுதிக் கொடுங்கள், நான் மனதாரச் சொல்கிறேன்.

அதுவரை ரேஷன் அரிசியை நொய்யாக்குங்கள். களைந்து, துணியில் உலர்த்தி, மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் போதும். ஒரு பங்கு நொய் குழைய வெந்ததும் மூன்று பங்கு கேழ்வரகு மாவை மேலே குவித்து, நடுவில் குழி செய்து மூடி, சிறு தீயில் வையுங்கள். மாவு வாசனை மாறியதும் துடுப்பால் அழுத்திக் கிண்டி, கையை ஈரமாக்கி உருட்டுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் 10ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் களியும் மாவுச்சத்துதான். மாமியாருக்குச் சின்ன உருண்டை ஒன்று, கீரைக் கடைசல் அதைவிட அதிகம்.

களையும்போது மிதக்கிற ஒன்றிரண்டு மணிகளைப் பிளாஸ்டிக் என்று கொட்டிவிடாதீர்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணிகள் அவை. சேர்த்தே சமையுங்கள்.