டாக்டரும் இல்லை, கவுன்சலிங் தருபவரும் இல்லை, அப்படியென்ன வேலை?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், "பிள்ளைகளின் மனநலத்தில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன்" என்கிறாள், அது என்ன வேலை, சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. கோவாவில் உள்ள சங்கத் என்ற தொண்டு அமைப்பு நடத்தியது. மாணவர் மனநலத்துக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்குள்ள ஆசிரியரிடம் கொடுத்தார்கள். சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள், அவரும் உளவியல் நிபுணர் அல்ல. 2018இல் முடிவு வெளிவந்தது. வெளியாள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர்களைச் சீண்டுவதும் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் பலனே தெரியவில்லை. யாரும் சோதித்துப் பார்க்காமல் எல்லா ஆசிரியருக்கும் பயிற்சி என்று இறங்கியிருந்தால் எவ்வளவு பணம் வீணாகியிருக்கும்! உங்கள் மகள் சொல்வது இந்த வேலையைத்தான்.

சரி, வழி. எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி. யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உண்டு. சில சமயம் தாமதமாக வரும், கையிருப்பு இருக்கட்டும். ஜேஆர்எஃப் இல்லாமல் பிஎச்.டி.யில் சேருவதை நான் ஊக்குவிப்பதில்லை. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவே பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தவர்களிடமும், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள கிளினிக்கல் சைக்காலஜி படிப்பை முடிந்தால் முடித்துவிடச் சொல்கிறேன். சிகிச்சை அளிக்கும் தகுதி கையில் இருந்தால் பிழைப்புக்குப் பயமில்லை. அதைவிட, நேரில் நூறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியவள் கேட்கும் ஆய்வுக் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். விதிமுறைகள் மாறிக்கொண்டிருக்கின்றன, சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனித் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., சென்னையில் உள்ள மனநல ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் இரண்டையும் பார்க்கலாம்.

அவளுக்கு ஒரு பலம் இருக்கிறது, அவளே அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். இந்தத் துறையின் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தென்காசிப் பக்கம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "மனச்சோர்வாக உணர்கிறாயா?" என்று கேட்டால் முழிப்பான். "எதுலயும் மனசு ஒட்டல", "கடுப்பா இருக்கு", "சும்மா தலைவலி" என்றுதான் அவன் சொல்வான். அந்தப் பேச்சைக் காதில் வாங்கி, அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதே ஒரு முழு பிஎச்.டி.க்குப் போதும். பொறுமை வேண்டும். பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் சம்மதம், தலைமையாசிரியர் அனுமதி எல்லாம் வாங்குவதற்குள் பொதுத்தேர்வு வந்துவிடும், பள்ளி வாசலில்கூட விடமாட்டார்கள்.

எம்.எஸ்சி. முடித்ததும் ஓராண்டு ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்து பார்க்கட்டும். பிஎச்.டி. வேண்டுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஆராய்ச்சிக்கு வேண்டிய புள்ளியியல் பேப்பரில் எவ்வளவு என்று மட்டும் இல்லை. கேட்டு எழுதுங்கள்.