ஏழையின் ஓட்டு

அன்புள்ள ஐயா,

ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து கிராமங்களில் பிரச்சாரம் செய்கிறோம். போகிற இடத்தில் எல்லாம் ஊரும் சேரியும் ஒரே மாதிரி ஏழையாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஓட்டு சாதிப்படி பிரிகிறது, இல்லாவிட்டால் இலவசத்துக்கு விழுகிறது. தங்கள் வறுமைக்கு என்ன காரணம் என்று இவர்கள் ஏன் யோசிப்பதில்லை?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நிறையவே யோசிக்கிறார்கள். சேரியில் ஒருவரோடு உட்கார்ந்து கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு கூலியோடு நிற்காது. யார் இடத்தில் குடியிருக்கிறோம், யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோம், ஒரு பிரச்சினை என்றால் ஸ்டேஷனுக்கு நம்மோடு யார் வருவார்கள் என்று போகும். அவருடைய அரசியல் அங்கேதான் இருக்கிறது.

கீழ்த்தஞ்சையில் பண்ணையாட்கள் மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தார்கள். கூலி கூடக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்துக் கொன்றதற்குப் பின்னால் இருந்ததும் கூலித் தகராறுதான். 1971-ல், குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அதனால் யாரும் பணக்காரராகவில்லை. வெளியே போ என்று சொல்லும் அதிகாரம் மட்டும் பறிபோனது. கூலி கேட்கவும், தான் நினைத்த சின்னத்தில் குத்தவும் அந்தத் துண்டு மனை எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

இலவச அரிசியையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். 2011 ஜூனில் அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் தரத் தொடங்கினார்கள். ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வந்து ஆளே கிடைப்பதில்லை என்று டீக்கடையில் புலம்புகிறவர் யார்? ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். வீட்டில் அரிசி இருக்கிற பெண், அந்தக் கூலிக்கு வர முடியாது என்று சொல்லத் துணிகிறாள். அந்தத் துணிவைத் தந்த கட்சியை அவள் நினைவில் வைத்துக்கொண்டால், விலைபோய்விட்டாள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஊர்த்தெருவின் வறுமை வேறு மாதிரியானது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே நிலையான தலைவர் கிடையாது. மனுத்தாக்கலே நடக்காது, நடந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. தடுத்தவர்கள் எல்லாரும் பண்ணையார்கள் இல்லை. மழையை நம்பிக் கிடக்கிற சின்ன விவசாயிகளும் அவர்களில் உண்டு. தலைவர் இல்லாத ஊராட்சியின் நஷ்டம் அவர்களுக்கும்தான். தெரிந்தேதான் அதை ஏற்றார்கள். கையில் ஒன்றுமில்லாதவருக்குத் தனக்குக் கீழே ஒரு தெரு இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றுதான் பரம்பரைச் சொத்து. அந்த நாற்காலியில் சேரிக்காரர் உட்கார்ந்துவிட்டால் தானும் வெறும் ஏழை என்றாகிவிடும் என்று பயந்தார்கள். இதற்கு நான் துளியும் இரங்க மாட்டேன். 1997-ல் மதுரை மாவட்டத்தின் மேலவளவில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்ற வெறிக்குள்ளும் இந்தப் பயம்தான் இருந்தது. கட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று பார்த்து வேட்பாளரை நிறுத்தி, அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள்.

பணத்தை இரண்டு தெருவிலும்தான் வாங்குகிறார்கள், கொடுக்கிற எல்லாரிடமும் வாங்குகிறார்கள். ஓட்டு எங்கே விழும் என்பதை அது மட்டும் முடிவு செய்வதில்லை.

அடுத்த முறை போகும்போது துண்டறிக்கையைப் பிறகு கொடுக்கலாம். சேரியில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, சுடுகாட்டுக்கு யார் வயல் வழியாகப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஊர்த்தெருவில், கடன் யாரிடம் வாங்கியிருக்கிறீர்கள், என்ன வட்டி என்று கேளுங்கள். சில ஊர்களில் இரண்டு தெருவுக்கும் வட்டிக்கு விடுகிறவர் ஒரே ஆளாக இருப்பார். அவரைப் பற்றி இரண்டு தெருவும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய ஊர் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் அவசியம் எனக்கு எழுதுங்கள்.